ஒன்பது பி-க்கும் கரஸ்பாண்டண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு போடாதீர்கள்

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வீரவநல்லூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறித் திருநெல்வேலி வருகிறீர்கள். எம்.எஸ்ஸி. கணக்கு, பி.எட். முடித்து ஜூனில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்திருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்புமாக நான்கு செக்‌ஷன், வாரத்துக்கு 38 பிரீயட், மாதம் பதினாலாயிரம். ஒன்பது பி அடங்கவில்லை. காலாண்டு மார்க்கைப் பார்த்துவிட்டு, பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டண்ட் பிள்ளைகள் முன்னாலேயே சத்தம் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது, திரும்பி வரும் பஸ்ஸில் அழுகை வருகிறது. தீபாவளி லீவு முடிந்ததும் போகாமலே நின்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், 'எனக்கு இந்த வேலை வராதோ?' என்று ஒன்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்டது அதுதான் என்று நினைக்கிறேன். வேலையை விடலாமா என்பது ஒரு கேள்வி, நான் டீச்சருக்கு லாயக்கா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதை அவிழ்க்காமல் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் தப்பாகத்தான் போகும்.

நான் 1988 ஜூனில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து 2023-இல் ஓய்வு பெற்றவள். கடைசி எட்டு வருஷம் தலைமையாசிரியை. பி.எட். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை வருஷா வருஷம் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன். அதற்கு ஒரு எல்லையும் உண்டு. நான் வேலை பார்த்தது அரசு உதவி பெறும் பள்ளி. முதல் வருஷம் எனக்கும் அழுகைதான், ஆனால் முதல் தேதி சம்பளம் வந்துவிடும், வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. உங்களுக்கு அந்தத் தெம்பு இல்லை. அது சின்ன வித்தியாசம் இல்லை. அதோடு உங்கள் பள்ளியை நான் பார்த்ததில்லை, நீங்கள் எழுதிய ஒரு பக்கம்தான் தெரியும். அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன் டீச்சர். ஆமாம், டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். நாலு மாசம் வகுப்பெடுத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. ஒரு வகுப்பு நாலாவது மாசத்தில் அடங்கவில்லை என்பதை வைத்து அந்த டீச்சரைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. பி.எட். 2015-லிருந்து இரண்டு வருஷப் படிப்பாகிவிட்டது, பள்ளிக்குப் போய் எடுக்கும் பயிற்சியும் கூடியிருக்கிறது. இருந்தாலும் பயிற்சி வகுப்பு என்பது இரவல் வகுப்பு. பிள்ளைகள் ஏற்கெனவே வேறொரு டீச்சருக்கு அடங்கியவர்கள், அவரும் பெரும்பாலும் பின்னாலேயே இருப்பார். ஒரு பாடத்துக்கு மூன்று நாள் பாடக்குறிப்பு எழுதி, சார்ட் ஒட்டி, நாற்பது நிமிஷம் அழகாக எடுத்துவிட்டு வந்திருப்பீர்கள். ஒரே நாளில் ஆறு பிரீயட் எடுப்பது, சாப்பாட்டுக்குப் பிந்திய பிரீயட்டில் தூக்கத்தோடும் கொட்டத்தோடும் இருக்கிற நாற்பத்தைந்து பேரை உட்கார வைப்பது, பாதியில் நுழைகிற பையனைப் பாடம் முறியாமல் உள்ளே விடுவது, இதெல்லாம் எந்தப் பேப்பரிலும் கிடையாது. எல்லோரும் வேலையில் விழுந்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

என் கதையைக் கேளுங்கள். சேர்ந்த வருஷம் எனக்கு எட்டாம் வகுப்பு. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளி. நான் போர்டு பக்கம் திரும்பினால் போதும், பின்னாலிருந்து ஆடு கத்தும். அசல் ஆடு தோற்றுப்போகும். திரும்பிப் பார்த்தால் அத்தனை பேரும் நோட்டில் தலையைக் கவிழ்த்திருப்பார்கள். இரண்டு மாசம் ஒவ்வொருவனாகச் சந்தேகப்பட்டேன், மொத்த வகுப்பையும் நிற்க வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் போய் நின்று அழுதிருக்கிறேன். அப்போது எங்கள் தமிழையா ஒரு வார்த்தை சொன்னார்: 'போர்டுல எழுதும்போது முழு முதுகையும் காட்டாதீங்க டீச்சர், பாதி முகமாவது பிள்ளைய பக்கம் இருக்கட்டும்.' அவ்வளவுதான். சாய்ந்து நின்று எழுதப் பழகினேன், எழுத்து கோணலானது, ஆடு குறைந்தது. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் நரைத்த மீசையோடு ஒருவர் வந்து கும்பிட்டு, 'அந்த ஆடு நாங்கதான் டீச்சர், மூணு பேரு முறை வச்சுக் கத்துனோம்' என்றார். ஒருத்தனையே தேடிக்கொண்டிருந்த எனக்கு எப்படி அகப்படும்? என் மேல் என்ன கோபம் என்று கேட்டேன். கோபமா, புதுசா வந்தீங்க, அதான் என்றார்.

அமெரிக்காவில் புது ஆசிரியர்களோடு பல வருஷம் வேலை செய்த எலன் மோயர் என்பவர் முதல் வருஷத்தை ஐந்து கட்டமாகப் பிரித்துச் சொன்னார். முதலில் எதிர்பார்ப்பு, அப்புறம் எப்படியோ தாக்குப்பிடிப்பது, அப்புறம் மனசு விட்டுப்போவது, பிறகு மெல்ல எழுந்திருப்பது, கடைசியில் திரும்பிப் பார்ப்பது. அவர்கள் பள்ளி ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும், அதனால் மனசு விடும் காலம் அங்கே அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வரும். ஜூனில் திறக்கிற நமக்குக் கணக்குப் பார்த்தால், காலாண்டை ஒட்டி ஆரம்பித்து அரையாண்டு வரை. நீங்கள் இப்போது சரியாக அந்தப் பள்ளத்தில் நிற்கிறீர்கள். இது எல்லோருக்கும் பொருந்தும் விதி இல்லை, பலரைப் பார்த்தவர் வரைந்த ஒரு படம், அவ்வளவுதான். ஆனால் நான் பார்த்த புது டீச்சர்களில் பெரும்பாலோர் காலாண்டு பேப்பர் திருத்தும்போதுதான் உடைந்தார்கள். மூன்று மாசம் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் சிவப்பு மையில் சுழி சுழியாக முன்னால் கிடக்கும்போது வேறென்ன ஆகும்?

இதில் காலத்தோடு தானாகக் குறைகிறவை எவை என்று பாருங்கள். பாடம் தயாரிக்கும் நேரம் அடுத்த வருஷம் பாதியாகிவிடும், இது நிச்சயம். இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் பிள்ளைகள் எங்கே விழுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த வருஷம், a கூட்டல் b-யை வர்க்கமாக்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் நடுவில் வரும் 2ab-யை முழுங்கிவிடுவார்கள் என்று தெரிந்து முன்னாலேயே போய் நிற்பீர்கள். திருத்தும் வேகம் கூடும். பெயர்கள் மனப்பாடமாகும். 'ஏலே, நீலச் சட்டை' என்று கூப்பிடுவதற்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கும் ஒன்பது பி-யில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பது போகப் போகத் தெரியும். அதுவரைக்கும் சில சில்லறை உபாயங்கள். உள்ளே நுழையும்போதே போர்டில் இரண்டு நிமிஷக் கணக்கு ஒன்றை எழுதிவிடுங்கள், முதல் ஐந்து பேர் நோட்டில் மட்டும் கையெழுத்து. அமைதிக்காகக் கத்தாதீர்கள், நீங்கள் கத்தக் கத்த அவர்கள் சத்தம் அதற்கு மேலே ஏறும். தொண்டையும் போகும். குரல் கட்டியது மூன்று வாரத்துக்கு மேல் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், டீச்சர்களுக்குக் குரல்நாணில் முடிச்சு விழுவது சகஜம். எல்லா நோட்டிலும் எல்லாக் கணக்கையும் திருத்தாதீர்கள். ஒரு பயிற்சியில் இரண்டு கணக்கு போதும். மேலே இருப்பவர்கள் டிக் எண்ணுவார்கள் என்றால் டிக் போட்டுக் கொடுங்கள், உங்கள் கண்ணை அந்த இரண்டு கணக்கில் வையுங்கள். இதைத் தலைமையாசிரியையாக இருந்தவளே சொல்கிறேன்.

இனி காலத்தோடு குறையாதவை. இங்கேதான் எனக்கு உங்கள் பள்ளியைப் பற்றிச் சந்தேகம் வருகிறது. நீங்கள் சொன்ன எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. 38 பிரீயட், நாற்பது நிமிஷம் என்றால் 25 மணி 20 நிமிஷம். நாலு செக்‌ஷனுக்கு 180 நோட்டு, நோட்டுக்கு மூன்று நிமிஷம் என்று வாரத்துக்கு ஒரே முறை திருத்தினாலும் 9 மணி. காலை ஸ்பெஷல் கிளாஸ் ஆறு நாளைக்கு நாலரை மணி. சாயங்காலம் வேன் டியூட்டி 4 மணி. தயாரிப்புக்கு ராத்திரி ஒன்றரை மணி வைத்தால் 9 மணி. மொத்தம் கிட்டத்தட்ட 52. போக வர பஸ் நேரம் தினமும் இரண்டரை மணி என்றால் அது ஒரு 15. ஆக வாரத்துக்கு 67 மணி நேரம் இந்த வேலைக்குப் போகிறது. 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், எட்டாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி என்று ஒரு எண் இருக்கிறது, தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து. அது உச்சவரம்பு இல்லை, குறைந்தபட்சம். அதைக் காட்டி யாரிடமும் சண்டைக்குப் போக முடியாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பாடம் தயாரிப்பதும் வேலைதான் என்று சட்டம் எழுதியவர்களே எண்ணியிருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 'மத்தவங்க எல்லாம் சமாளிக்கலையா' என்று உங்களைக் கேட்டார்களே, அதற்கு மனசுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு பதில் வேண்டும் இல்லையா?

பிரீயட் எண்ணிக்கையைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஒருநாள் தாங்காமல் ஒரு பையனை ஸ்கேலால் அடித்துவிட்டதாகவும் அன்று ராத்திரி தூங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொன்னபோது உங்கள் ஹெச்.எம். 'அடிச்சாத்தான் அடங்குவானுவ' என்றாராம். அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதையும் மனசு நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நாளைக்கு ஒரு பெற்றோர் புகாரோடு வந்து நின்றால் அந்த ஹெச்.எம். உங்கள் பக்கம் நிற்பாரா என்று யோசியுங்கள். தூங்காமல் இருந்தீர்களே, அது நல்ல அறிகுறி. அடித்துவிட்டு நன்றாகத் தூங்கியிருந்தால்தான் இந்த வேலை உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பிள்ளைகள் முன்னால் டீச்சரைத் திட்டுகிற நிர்வாகம், அதே வாயால் வகுப்பை அடக்கு என்று சொல்வது எனக்கு எப்போதுமே புரியாத விஷயம். ஒன்பது பி அடங்காததற்குப் பாதிக் காரணம் கரஸ்பாண்டண்ட் போட்ட சத்தமாகக்கூட இருக்கலாம். இது ஊகம்தான். ஆனால் அன்றைக்குப் பிறகுதான் மோசமாயிற்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு பள்ளியின் குணத்தைத் தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. ஸ்டாஃப் ரூமில் மூன்று வருஷம் முடித்தவர்கள் எத்தனை பேர்? உங்களுக்கு முன்னால் இதே கணக்குப் பாடத்தை எடுத்தவர் எந்த மாசத்தில் போனார்? ஏப்ரலில் போயிருந்தால் கல்யாணம், இடமாற்றம் என்று ஏதாவது இருக்கலாம். நவம்பரில், ஜனவரியில் போயிருந்தால், அதற்கு முன்னால் இருந்தவரும் அப்படியே போயிருந்தால், அந்த நாற்காலியில்தான் கோளாறு. அதே மாதிரி, பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் அது உங்கள் கணக்கில் ஒழுங்காக ஏறுகிறதா என்று மத்திய அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். கோடை லீவில் அட்மிஷன் கேன்வாசிங்குக்கு வீடு வீடாக அனுப்புவார்களா என்றும் விசாரியுங்கள். மூத்த டீச்சர் யாரையாவது தனியாகப் பிடித்து, 'ரெண்டாவது வருஷம் கொஞ்சம் லேசாகுமாக்கா?' என்று மட்டும் கேளுங்கள். பதில் வருவதற்கு முன்னால் அவர் முகம் சொல்லிவிடும்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். இது மற்ற எல்லாக் கணக்குக்கும் முந்தியது. வேலையால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் சேர்த்தது. நோயாக இல்லை, வேலை சார்ந்த ஒரு நிலையாக. சக்தி வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்பு வந்து மனசு விலகிப்போவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றையும் அதற்கு அடையாளமாகச் சொல்கிறார்கள். நீங்கள் எழுதியதில் முதலாவதும் மூன்றாவதும் நன்றாகத் தெரிகிறது, இரண்டாவது இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நெஞ்சு படபடப்பதும் மூன்று மணிக்கு முழிப்பு வருவதும் சோர்வுதானா என்று நானோ நீங்களோ தீர்மானிக்கக் கூடாது. எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஒரு டீச்சர் அடிக்கடி அழுவார், படியேறினால் மூச்சு வாங்கும். மனசுதான் சரியில்லை என்று நாங்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். ரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் ஏழு. காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். ரத்தமும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாளை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் இருக்கிறது, அங்கே போவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மனாஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பஸ் எங்கேயாவது மோதிவிட்டால் தேவலை என்கிற மாதிரி எண்ணம் ஒருநாளாவது வந்திருந்தால், நான் இதற்கு மேலும் கீழும் எழுதிய எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டு லீவு போடுங்கள். அரையாண்டு, அனுபவச் சான்று எல்லாம் அப்புறம்.

அப்படி இல்லை என்றால் மேலே படியுங்கள். 'கவர்மென்ட் வேலை கிடைக்கிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ' என்று அப்பா சொல்கிறார் என்றீர்கள். அவரைக் குறை சொல்ல முடியாது, கடன் வாங்கிப் படிக்க வைத்தவர். நம் பக்கத்தில் பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம், வீட்டுக்கு ஒரு டீச்சர் என்பது பெருமை. ஆனால் அவரிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் செய்தால் அந்தச் சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும், 2021-லிருந்து அப்படி. ஆனால் டெட் பாஸ் ஆனாலே வேலை என்கிற காலம் போய், 2018-லிருந்து அதற்கு மேலே தனியாகப் போட்டித் தேர்வும் வந்துவிட்டது. வாரத்துக்கு 67 மணி நேரத்தை இந்தப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு எப்போது படிப்பது? எந்த வேலைக்குப் பாலமாக இருக்கட்டும் என்று இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களோ, அந்த வேலைக்குப் போகும் வழியையே இது அடைக்கிறது. கொஞ்ச நாளைக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு படிப்பதும் ஒரு வழிதான் என்று அப்பாவிடம் பேசலாம். கடன் தவணை எவ்வளவு, கையில் எத்தனை மாசத்துக்கு இருக்கிறது என்று பேப்பரில் எழுதிக்கொண்டு பேசுங்கள், அழுதுகொண்டு பேசாதீர்கள். பஸ்ஸை விட்டுவிட்டு செங்கோட்டை ரயிலில் வந்து போக நேரம் ஒத்துவருமா என்றும் பாருங்கள். உட்கார இடம் கிடைத்தால் நோட்டைத் திருத்தாதீர்கள், தூங்குங்கள்.

தீபாவளியோடு சொல்லாமல் நின்றுவிடுவதை மட்டும் செய்ய வேண்டாம். அது தர்மத்துக்காகச் சொல்வது இல்லை. பிள்ளைகளை நட்டாற்றில் விடுகிறோமோ என்று உங்களுக்கு உறுத்தும், அது ஓரளவு நியாயம். ஆனால் மாற்று ஆள் போடுவது நிர்வாகத்தின் வேலை. பிள்ளைகளும் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் அடுத்த டீச்சருக்குப் பழகிவிடுவார்கள், கொஞ்சம் வலித்தாலும் அது உண்மை. சொல்லாமல் நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருக்கின்றன. ஒரு வருஷம் இருப்பேன், இல்லையென்றால் மூன்று மாதச் சம்பளம் கட்டுவேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் படிப்புச் சான்றிதழ் என்பது விற்பனைச் சரக்கு இல்லை, பாக்கிக்கு ஈடாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்திரத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. சட்டம் உங்கள் பக்கம் என்பது வரைக்கும் எனக்குத் தைரியம் உண்டு. கையில் சான்றிதழ் எத்தனை நாளில் வரும் என்பதில் அந்தத் தைரியம் இல்லை, இழுத்தடித்த கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். அதனால் விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்னாலேயே, தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கி வையுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை, விண்ணப்பிக்கத்தானே போகிறீர்கள். தகராறு வந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அவர்கள் பெயரில் ஒரு நோட்டீஸ் போனாலே பல பீரோக்கள் திறந்துவிடும்.

சரி, என் முடிவு என்ன என்று கேட்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அரையாண்டு வரைக்கும் இருப்பேன், சும்மா இல்லை, கேட்டுக்கொண்டு இருப்பேன். கரஸ்பாண்டண்டிடம் போகாமல் ஹெச்.எம்.-இடம், வாயால் இல்லை, ஒரு பக்கக் கடிதமாக, மூன்றே விஷயம். 'வேன் டியூட்டியை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துக் கொடுங்கள். ஒரு செக்‌ஷனை வேறு யாருக்காவது மாற்ற முடியுமா பாருங்கள். ஒன்பது பி-யில் நன்றாக வகுப்பெடுக்கிற ஒரு மூத்த டீச்சரின் பிரீயட்டில் இரண்டு தடவை நான் பின்னால் உட்கார அனுமதியுங்கள்.' மூன்றாவதற்குக் காசு செலவில்லை. அதையும் மறுக்கிற பள்ளியில் உங்களை வளர்க்கிற எண்ணமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 'இஷ்டமிருந்தா இரு, இல்லைன்னா போ' என்று பதில் வந்தால் கிறிஸ்துமஸ் லீவில் ராஜினாமா எழுதிவிடுங்கள். வேலைக்கு வைத்தபோது கொடுத்த கடிதத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று இருக்கிறதோ அதன்படி. ஏதாவது ஒன்றிலாவது இறங்கி வந்தால் ஏப்ரல் வரை இருந்து ஒரு வருஷத்தை முடியுங்கள். தனியார் பள்ளிகள் ஆள் எடுப்பது பெரும்பாலும் ஏப்ரல், மே மாசங்களில்தான், முழு வருஷ அனுபவத்தோடு போனால் பேச ஒரு பிடி இருக்கும். நடுவில் விட்டாலும் கணக்கு டீச்சருக்கு ஜனவரியில் இடம் கிடைக்காமல் போகாது, யாராவது பிரசவ லீவில் போவார்கள்.

இந்த வேலையே வேண்டாம் என்று விட்டுப்போனவர்களும் உண்டு, அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். என்னோடு இருந்த ஒரு டீச்சருக்கு நல்ல பள்ளி, அடங்கிய வகுப்பு, மூன்றாவது வருஷம். எல்லாம் இருந்தும் காலையில் பள்ளி கேட்டைப் பார்த்தாலே கசந்தது. பேங்க் பரீட்சை எழுதிப் போய்விட்டார். அவருக்கு அதுதான் சரி. கவனியுங்கள், அவர் அதைத் தெரிந்துகொண்டது நிம்மதியான பள்ளியில் இருந்தபோது. மோசமான பள்ளியில் இருந்துகொண்டு இந்தத் தொழில் நமக்கு வருமா என்று தேடினால், காய்ச்சலில் இருக்கும்போது சாப்பாட்டு ருசியைச் சொல்வது மாதிரி ஆகிவிடும்.

உங்களுக்கு இந்த வேலை வரும் என்று நான் நினைக்கக் காரணம் இருக்கிறது. இவ்வளவு புலம்பலுக்கு நடுவில் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை மைனஸ் எண்களைக் கண்டாலே பயந்தது, நீங்கள் ஆற்றுப் படித்துறையைச் சொன்னீர்கள். தண்ணீர் மட்டம் பூஜ்ஜியம், மேலே உள்ள படி ப்ளஸ், தண்ணீருக்குள் இருக்கிற படி மைனஸ். அந்தப் பிள்ளை முகம் மலர்ந்தது, அன்றைக்கு மட்டும் பஸ்ஸில் அழவில்லை என்கிறீர்கள். அது உங்கள் கேள்விக்குத் தேவையே இல்லாத விவரம். இருந்தும் எழுதினீர்கள்.

கடிதம் எதுவாக இருந்தாலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கி வையுங்கள். போவதானால் சேர்ந்த தேதி, விட்ட தேதி, எடுத்த வகுப்பு, பாடம் எல்லாம் போட்டு அனுபவச் சான்று கேளுங்கள். ஏழு மாசம் என்றாலும் ஏழு மாசம். அப்புறம், கணக்கு டீச்சராக எனக்கு ஒரு சந்தேகம். கூட்டலும் கழித்தலும் படித்துறையில் சரியாக வந்துவிடுகிறது. மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் என்று வரும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள்? 35 வருஷத்தில் எனக்கு அது ஒருநாளும் திருப்தியாக வந்ததில்லை. நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.